தென் துருவம் போன 21 அங்குலச் சக்கரம்

வல்லம் வடகால் சிப்காட் பூங்காவில் யமஹாவுக்கும் ஆலை உண்டு, ராயல் என்ஃபீல்டுக்கும் ஆலை உண்டு. முதலாவது 2015இலும் இரண்டாவது 2017இலும் இயங்கத் தொடங்கின. ஒரே தொழிற்பேட்டையில் நிற்கும் இந்த இரண்டு நிறுவனங்களின் பைக்குகளும் பூமியின் அடிமுனையைத் தொட்டவை. ஜப்பானைச் சேர்ந்த ஷின்ஜி கஸாமா யமஹாவில் ஏறி 1987இல் வட துருவத்தையும், 1992 ஜனவரி 3 அன்று தென் துருவத்தையும் அடைந்தார். ராயல் என்ஃபீல்டின் இரண்டு ஹிமாலயன் வண்டிகள் 2021 டிசம்பர் 16 அன்று தென் துருவத்தில் போய் நின்றன. மே மாதத்தில் தார் இளகும் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றின் வண்டி, உறைபனிக்கண்டத்தின் நடுவே ஓடியது எப்படி? எஞ்சினைப் பற்றி எழுதியவர்கள் பலர். எனக்கு அதன் சக்கரத்தின் கதைதான் பெரிது.

ஹிமாலயன் 2016இல் சந்தைக்கு வந்தது. 411 சிசி, ஒற்றை சிலிண்டர். முன் சக்கரம் 21 அங்குலம், பின் சக்கரம் 17 அங்குலம். முன் டயரின் அகலம் 90 மில்லிமீட்டர், பின்னது 120. சென்னையில் ஓடும் புதிய பைக்குகளின் பருத்த டயர்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த முன் சக்கரம் மெலிந்து தெரியும். அந்த மெலிவுக்குக் காரணம் இருக்கிறது. பெரிய வட்டம் கல்லையும் பள்ளத்தையும் எளிதில் ஏறிக் கடக்கும். குறுகிய டயர் மேலே கிடக்கும் உதிரிச் சரளையை விலக்கி, அடியிலுள்ள கெட்டித் தரையைப் போய்ப் பிடிக்கும். லடாக்கின் மண் பாதைகளை மனத்தில் வைத்து எடுத்த முடிவு அது.

பனியில் இந்தக் கணக்கு என்ன ஆகும் என்பதைப் பனிச்சறுக்குக்காரர்கள் வெகுகாலமாக அறிவார்கள். சறுக்குப் பலகையின் முனையும் வாலும் அகன்றிருக்க, கால் பதியும் நடுப்பகுதி ஒடுங்கியிருக்கும். அந்த ஒடுக்கத்தை இடுப்பு என்பார்கள். பலகை வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டிய அளவு அதுதான். இயந்திரம் ஓட்டி அழுத்திச் சமன் செய்த கெட்டிச் சரிவுக்கு 65 முதல் 80 மில்லிமீட்டர் வரையிலான இடுப்பு. கலவையான சரிவுக்கு 80, 90. புதிதாய்ப் பெய்து முழங்கால் வரை புதையும் பொடிப்பனிக்கு 100க்கு மேல்.

காரணம் எளிது. கெட்டிப் பனியில் பலகை தன் அடிப்பரப்பில் ஓடுவதில்லை. பக்கவாட்டில் பதித்திருக்கும் எஃகு விளிம்பில் ஓடுகிறது. இடுப்பு குறுகினால் அந்த விளிம்பு பாதத்துக்கு நேர் கீழே வந்துவிடும். உடல் எடை முழுவதும் அதன்மேல் இறங்கும், விளிம்பு பனியைக் கடிக்கும். இடது விளிம்பிலிருந்து வலது விளிம்புக்கு மாற ஒரு கணம் போதும். அகன்ற பலகையில் விளிம்பு காலைத் தாண்டி வெளியே நிற்கும். அதைச் சாய்த்துப் பிடிக்கக் கணுக்காலும் முழங்காலும் படாத பாடு படும். ஆனால் பொடிப்பனியில் அதே அகலம்தான் ஆளை அமிழாமல் மேலே தாங்கும்.

இடுப்பு ஒடுங்கிய பலகை நார்வேயின் டெலிமார்க் பகுதியில் சோந்த்ரே நூர்ஹைம் என்பவரின் கையில் 19ஆம் நூற்றாண்டிலேயே உருவம் பெற்றுவிட்டது. 1990களில் ஸ்லோவேனியாவின் எலான் நிறுவனம் அந்த ஒடுக்கத்தை இன்னும் ஆழமாக வெட்டியது. அதன் பிறகு கெட்டிச் சரிவில் திரும்பும் முறையே மாறிப்போனது. நம் நாட்டில் குல்மார்க்கின் அஃபர்வத் மலைமேல் ஆழப்பனியைத் தேடிப் போகிறவர்கள் அகன்ற பலகை எடுப்பார்கள். அதே குல்மார்க் வட்டாரத்தில் வளர்ந்த ஆரிஃப் கான் 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் ஜெயண்ட் ஸ்லாலம் ஓடி 45ஆவது இடம் பிடித்தார். அந்தப் போட்டிச் சரிவு கல்லாய் இறுகியிருக்கும். அங்கே ஒல்லி இடுப்புப் பலகை மட்டுமே செல்லும். தமிழ்நாட்டிலிருந்து முதல்முறையாகக் குல்மார்க்குக்கோ ஆவ்லிக்கோ கற்றுக்கொள்ளப் போகிறவர் நிற்கப்போவதும் மிதித்து இறுகிய கீழ்ச்சரிவில்தான். வாடகைக் கடையில் அகன்ற பலகை பார்க்க அழகாக இருந்தாலும் குறுகியதையே கேட்டு வாங்குங்கள்.

சேற்றுழவுக்கு டிராக்டரில் கேஜ் வீல் மாட்டுகிறவர், வயலை விட்டு ரோட்டுக்கு ஏறும்போது அதைக் கழற்றிவிடுகிறார். ஹிமாலயனுக்கு அந்த வசதி இல்லை. வழியெங்கும் ஒரே சக்கரம்தான். பொடியாய்க் கிடக்கும் இடத்திலும், காற்று சீவிக் கண்ணாடியாக்கிய இடத்திலும் அதுவேதான் ஓட வேண்டும்.

அதற்கான பாடம் ஐஸ்லாந்தில் நடந்தது. அந்நாட்டின் இரண்டாவது பெரிய பனிப்பாறையான லாங்யோகுல்லில் 2020 செப்டம்பரிலும் 2021 ஜூலையிலும் வண்டிகளை ஓட்டிப் பார்த்தார்கள். ஓட்டியவர்கள் இருவர்: ராயல் என்ஃபீல்டின் பயணப் பிரிவைக் கவனித்த சந்தோஷ் விஜய்குமார், தயாரிப்பு மேம்பாட்டுப் பொறியாளர் டீன் காக்சன். துணைக்கு ஆர்க்டிக் டிரக்ஸ் என்ற ஐஸ்லாந்து நிறுவனம். டொயோட்டா ஹைலக்ஸ் வண்டிகளுக்கு 44 அங்குலப் பருத்த டயர் மாட்டி, காற்றை வெகுவாக இறக்கிப் பனிமேல் ஓட்டுவதில் தேர்ந்தவர்கள் அவர்கள்.

வண்டியில் செய்த மாற்றங்கள் வியப்பூட்டும் அளவுக்குக் குறைவு. அதனாலேயே அவை எனக்குப் பிடித்திருக்கின்றன. எஞ்சின் பக்கத்துச் செயின் ஸ்ப்ராக்கெட்டில் 15 பல்லுக்குப் பதில் 13 பல். வேகம் குறையும், பின் சக்கரத்தின் இழுவிசை ஏறத்தாழ 15 விழுக்காடு கூடும். தென் துருவம் கடல் மட்டத்திலிருந்து 2,835 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் தொட்டபெட்டா உச்சியைவிட ஏறக்குறைய 200 மீட்டர் அதிகம். அந்த உயரத்தில் சுமார் 2,700 மீட்டர் வெறும் பனிக்கட்டிதான். காற்று மெலிந்த அந்த மேட்டில் எஞ்சின் தன் பலத்தில் ஒரு பங்கை இழக்கும். இழந்ததைப் பல் எண்ணிக்கை ஓரளவு ஈடுகட்டியது. ஓட்டுநரின் சூடேற்றும் உடைகளுக்கு மின்சாரம் வேண்டுமென்பதால் அருமண் காந்தம் வைத்த வலுவான ஆல்டர்னேட்டர் பொருத்தினார்கள்.

மூன்றாவது மாற்றம் சக்கரத்தில். டியூபை எடுத்துவிட்டு டியூப்லெஸ் ஆக்கினார்கள், டயரில் இரும்பு முளைகள் பதித்தார்கள். இரண்டும் சேர்ந்துதான் அந்தப் பயணத்தைச் சாத்தியமாக்கின என்பது என் எண்ணம். ஸ்போக் சக்கரத்தில் டியூபோடு காற்றை மிகவும் இறக்கினால் டயர் ரிம்மின் மேல் நழுவும், டியூபை இழுத்துக்கொண்டே போய் வால்வைப் பிய்த்துவிடும். டியூப் இல்லையென்றால் அந்தப் பயம் குறைவு, துணிந்து காற்றை இறக்கலாம். இறக்கியதும் டயர் தரையில் பதியும் தடம் பெரிதாகிறது. அந்தத் தடம் அகலத்தில் அவ்வளவாக வளர்வதில்லை. முன்னும் பின்னுமாக நீள்கிறது. ஒல்லி டயர் ஒல்லியாகவே இருந்து, நீண்ட சறுக்குப் பலகையின் தடத்தைப் பெறுகிறது. மென்பனியில் அந்த நீளம் தாங்கும். கெட்டிப் பனி வந்ததும் முளைகள் பலகையின் எஃகு விளிம்பு செய்யும் வேலையைச் செய்யும். டயர் குறுகலாக இருப்பதால் ஒவ்வொரு முளையின் மேலும் விழும் எடை கூடுகிறது, கடி ஆழமாகிறது. சுவீடன் பனி ரேலியில் கார்கள் குறுகிய முளை டயரோடு ஓடுவதற்கும் இதுவே காரணம்.

ஆனாலும் வண்டியை மாற்றுவது பாதி வேலைதான். மீதிப் பாதியைப் பாதையில் செய்தார்கள். ராஸ் பனித்திட்டிலிருந்து லெவரெட் பனிப்பாறை வழியாகத் துருவம் வரை 770 கிலோமீட்டர் என்பது அவர்கள் முதலில் அறிவித்த திட்டம். அந்த வழியில்தான் அமெரிக்கர்கள் மக்மர்டோ நிலையத்திலிருந்து தென் துருவ நிலையத்துக்குச் சரக்கு கொண்டுபோகப் பனியை அழுத்தி, கொடி நட்டு, சுமார் 1,600 கிலோமீட்டர் நீளத் தடம் அமைத்தார்கள். 2021 நவம்பர் 26 அன்று கேப் டவுனிலிருந்து கிளம்பிய குழுவின் பைக்குகளும், கண்டத்தில் தங்கள் சுவடு குறைவாக விழ வேண்டும் என்பதற்காக, அழுத்தி இறுக்கிய பனித்தடத்திலேயே ஓடின.

பனியை அழுத்தினால் இறுகுவதில் ஒரு நுட்பம் உண்டு. அழுத்திய உடனே அது கெட்டியாகிவிடாது. நொறுங்கிய பனிப்படிகங்கள் ஒன்றையொன்று தொட்ட இடங்களில், உருகாமலேயே, மெல்ல ஒட்டத் தொடங்கும். மணிக்கணக்கில் விட்டால் அந்த ஒட்டு இறுகிப் பரப்பு முழுவதும் ஒரே பாளமாகும். பனிச்சறுக்கு ஊர்களில் இரவிலேயே இயந்திரம் ஓட்டிவிட்டுக் காலையில் ஆட்களை ஏற்றுவது அதற்காகத்தான். அகன்ற சக்கர வண்டி முன்னே போய் மிதித்துக் கொடுக்கும் தடத்தில் குறுகிய சக்கரம் பின்னே வருவதும் இந்த இயற்கையை நம்பித்தான்.

கடுங்குளிரிலும் ஒரு வினோதம் இருக்கிறது. சுழியத்தை ஒட்டிய பனி வழுக்கும். உராய்வில் அதன் மேற்பரப்பில் உண்டாகும் மெல்லிய ஈரமே அந்த வழுக்கலுக்குக் காரணம். மைனஸ் 25, 30 டிகிரிக்குக் கீழே அந்த ஈரம் போதிய அளவு உண்டாவதில்லை. அங்கே பனி மணலைப் போல இழுக்கும். 1912இல் ஸ்காட்டின் குழு துருவத்திலிருந்து திரும்பும்போது ஸ்லெட்ஜை இழுக்க மாட்டாமல் தவித்ததில் இந்த மணல்தன்மைக்கும் பங்குண்டு. சறுக்குப் பலகைக்குச் சாபமாகும் இந்தக் குணம், பிடிப்பையே நம்பியிருக்கும் சக்கரத்துக்கு உதவி.

டிசம்பர் 16 அன்று இரண்டு வண்டிகளும் துருவத்தை எட்டின. கழிவு அனைத்தையும் குழு கையோடு திரும்ப எடுத்து வந்தது. அந்தக் கட்டுப்பாட்டை வெற்றிச் செய்திக்குச் சமமாகவே நான் மதிக்கிறேன்.

2023 நவம்பரில் ஹிமாலயனின் அடுத்த தலைமுறை வந்தது. 452 சிசி, புதிய எஞ்சின், புதிய சட்டகம். பின் டயர் 120இலிருந்து 140 மில்லிமீட்டராக அகன்றது. முன் சக்கரம் அதே 21 அங்குலம், அதே 90 மில்லிமீட்டர். 2024இல் இந்திய வாடிக்கையாளருக்கு டியூப்லெஸ் ஸ்போக் சக்கரமும் கிடைக்கத் தொடங்கியது. அதைத் துருவப் பயணத்தின் நேரடி விளைவாக நான் சொல்ல வரவில்லை. ஆனால் லே பக்கம் ஓட்டப் போகிறவருக்கு அது நல்ல செய்தி. உதிரி மணலோ புதுப்பனியோ வந்தால் காற்றைக் கொஞ்சம் இறக்கிக்கொள்ளலாம். தார் ரோடு ஏறியதும் மறக்காமல் பழைய அளவுக்கு ஏற்றிவிட வேண்டும். கையடக்க பம்ப் ஒன்றும் பிரஷர் கேஜ் ஒன்றும் பையில் இருந்தால் போதும்.