பிணம் அல்ல, சட்டை!

அமெரிக்கக் கடற்கரை ஊர்களில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். பொம்மை, தொப்பி விற்கிற கடைகளில் ஒரு கம்பிக் கூண்டும் இருக்கும். உள்ளே கலர் கலராகப் பெயின்ட் அடித்த சங்குகள். உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு சங்கும் நகரும்! துறவி நண்டு. கரீபியன் தீவுப் பக்கத்திலிருந்து பிடித்து வந்து விற்கிறார்கள். 1970-களில் சூடுபிடித்த பிஸினஸ் இது.

பிள்ளை அடம்பிடிக்கும். அப்பா வாங்கித் தருவார். ஒரு கண்ணாடித் தொட்டி, ஒரு பிடி மணல், கிண்ணத்தில் தண்ணீர். அவ்வளவுதான் பராமரிப்பு என்று நினைத்துக்கொள்வார்கள்.

கொஞ்ச நாள் கழித்து நண்டு சாப்பிடுவதை நிறுத்தும். மணலைத் தோண்டிக்கொண்டு உள்ளே போய்விடும். ஒரு வாரம், இரண்டு வாரம்... ஆளையே காணோம். அப்பா மணலைக் கிளறிப் பார்ப்பார். கால், கொடுக்கு, மீசை எல்லாம் வெறும் கூடாகக் கிடக்கும். 'ஐயோ பாவம், செத்துப் போச்சு!' நேராகக் குப்பைத் தொட்டி.

அங்கேதான் தப்பு. அது பிணம் அல்ல, சட்டை! பாம்பு சட்டை உரிக்கிற மாதிரி நண்டும் உரிக்கிறது. சட்டைக்குச் சொந்தக்காரர் பக்கத்திலேயே, பஞ்சு மாதிரி மெத்தென்று, உயிரோடு படுத்திருப்பார். ஆளையும் சேர்த்தே தூக்கிப் போட்ட வீடுகள் நிறைய.

அந்த அப்பாவைத் திட்டிப் பிரயோஜனமில்லை. பெரிய பெரிய மேதைகளே இந்த ஜீவனிடம் ஏமாந்திருக்கிறார்கள். நத்தையைப் போல இது ஓட்டோடு ஒட்டிப் பிறந்ததல்ல என்று இரண்டாயிரம் வருடங்களுக்கு முன்பே சொல்லிவிட்டார் அரிஸ்டாட்டில். ஆனால் 17-ம் நூற்றாண்டில், பூச்சிகளை அணு அணுவாக அறுத்துப் பார்த்த ஹாலந்து நாட்டு ஸ்வாமர்டாம், 'அதெல்லாம் கட்டுக்கதை. சங்கு நண்டின் சொந்தச் சொத்துதான்' என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். கடற்கரையில் ஒரு சாயங்காலம் உட்கார்ந்திருந்தால் போதும், அது வீடு மாற்றுவதைக் கண்ணாலேயே பார்த்திருப்பார்.

உட்கார்ந்து பார்த்த ஆசாமி ஒருவர் பிரான்ஸில் இருந்தார். பெயர் ரெயோமூர். சென்டிகிரேடு, ஃபாரன்ஹீட் தெரியும் இல்லையா? அதே மாதிரி தெர்மாமீட்டரில் 'ரெயோமூர் அளவு' என்று ஒன்று உண்டே, அந்த ரெயோமூரேதான். 24 வயதிலேயே பாரீஸ் அறிவியல் கழகத்தில் இடம்பிடித்தவர்.

ஒடிந்துபோன நண்டுக் கால் மறுபடி முளைக்கும் என்று மீனவர்கள் காலங்காலமாகச் சொல்லிவந்தார்கள். படித்தவர்கள் சிரித்தார்கள். ரெயோமூர் சிரிக்கவில்லை. க்ரேஃபிஷ் என்கிற ஆற்று ஜீவனை (குட்டி சிங்கி இறால் மாதிரி இருக்கும்) பிடித்து, தண்ணீருக்குள்ளேயே அடைத்து வைத்தார். சிலவற்றின் காலை ஒடித்துவிட்டுக் காத்திருந்தார். முளைத்தது! 1712-ல் அதை எழுதினார். அதோடு விடவில்லை. அது சட்டை உரிப்பதையும் பொறுமையாகக் கவனித்தார். ஓடு பிளந்து, கால் கால் என்று உருவிக்கொண்டு வெளியே வருவது எத்தனை பெரிய பிரசவ வேதனை என்பது அப்போதுதான் புரிந்தது. பாதி வழியிலேயே சில செத்தும் போயின.

இதில் ஒரு வேடிக்கை. அந்தக் காலத்து ஐரோப்பிய மருந்துக் கடைகளில் 'நண்டுக் கண்' என்று ஒரு சரக்கு விற்றார்கள். சின்ன வெள்ளைக் கல். வயிற்றுப் புளிப்புக்கு நல்ல மருந்து. ரஷ்யப் பக்கத்திலிருந்தெல்லாம் வந்து இறங்கியது. உண்மையில் அது கண்ணே அல்ல! சட்டை உரிப்பதற்கு முன்னால் க்ரேஃபிஷ் தன் பழைய ஓட்டிலிருந்து சுண்ணாம்புச் சத்தை உறிஞ்சி, வயிற்றில் கல்லாகச் சேர்த்து வைக்கிறது. புது ஓடு இறுகும்போது அதைக் கரைத்துச் செலவு செய்கிறது. ஃபிக்ஸட் டெபாசிட்! அதைத்தான் மனிதர்கள் எடுத்து விழுங்கிக்கொண்டிருந்தார்கள்.

துறவி நண்டும் கணக்கில் கெட்டிதான். இது வேறு வழி வைத்திருக்கிறது. உரித்த சட்டையைத் தானே தின்று சுண்ணாம்புச் சத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. அதனால்தான், சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று அந்தக் கூட்டை எடுத்துப் போடக்கூடாது. அது அதன் பத்தியச் சாப்பாடு.

வேறென்ன செய்ய வேண்டும்? குழந்தைகள் மணல் வீடு கட்டுகிற பதத்தில் ஈர மணல். ஆழம் குறைந்தது அரை அடி. பெரிய நண்டென்றால் அதன் உயரத்தைப் போல மூன்று மடங்காவது. தொட்டிக்கு மூடி அவசியம். இது செவுள் வைத்து மூச்சு விடுகிற ஜாதி, காற்றில் ஈரம் குறைந்தால் மூச்சு முட்டும். குளோரின் இல்லாத நல்ல தண்ணீர் ஒரு கிண்ணம், மீன் தொட்டிக்கென்று விற்கும் கடல் உப்பைக் கரைத்த தண்ணீர் ஒரு கிண்ணம். சமையல் உப்பு ஆகாது. மேலேயே உரித்துவிட்டால், மற்ற நண்டுகள் கடித்துத் தின்றுவிடாதபடி தடுப்பு வைக்க வேண்டும். சின்ன நண்டுக்குச் சில வாரம், பெரியதற்கு இரண்டு மாதம் அல்லது அதற்கு மேலும் ஆகலாம். நிஜமாகவே செத்திருந்தால் மூக்கு சொல்லிவிடும். அழுகல் நாற்றம் வராதவரை தோண்டாதீர்கள்!

ஃப்ளோரிடாவில் ஒரு பெண்மணி 1976-ல் வாங்கிய துறவி நண்டு, 30 வருடங்களைத் தாண்டி அவர் வீட்டில் வாழ்ந்தது. கூண்டில் சில மாதங்களில் சாகிற அதே ஜாதிதான். ஆயுள் குறைவு நண்டிடம் இல்லை, நம்மிடம்தான் கோளாறு.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். இதன் குஞ்சுகள் கடலில்தான் வளர்ந்தாக வேண்டும். தொட்டியில் பெருக்குவது அபூர்வத்திலும் அபூர்வம். கடைக்கு வருகிற நண்டு ஏறக்குறைய எல்லாமே கடற்கரையில் பிடித்ததுதான். நாம் அவசரப்பட்டு ஒன்றைக் குப்பையில் போட்டால், அதற்குப் பதிலாக எங்கோ ஒரு தீவில் இன்னொன்று கூடைக்குள் விழுகிறது.

ரெயோமூர் செய்தது பெரிய மந்திரமல்ல. காத்திருந்தார். அவ்வளவுதான். முந்நூறு வருடங்கள் கழித்தும், நண்டு வளர்ப்பவர்களுக்கு அதைவிடப் பெரிய ரகசியம் எதுவும் கிடையாது. கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பது!