ஆற்றலும் விலையும்: மேசைப் பாத்திர ஆட்டங்களில் புள்ளிமுறை வளர்ந்த வரலாறு

ஒரு மேசையைச் சூழ்ந்து நால்வரோ ஐவரோ அமர்ந்து, ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தைத் தமதாக ஏற்று, அப்பாத்திரம் பேசுவனவும் செய்வனவும் இவையெனச் சொல்லாற் புனைந்து செல்வர். ஒருவர் நடுவராக இருந்து கதை நிகழும் உலகையும் அதன் இடர்களையும் எடுத்துரைப்பர். ஒரு செயல் முடியுமோ முடியாதோ என்னும் ஐயம் நேர்ந்தவிடத்துப் பகடை உருட்டி முடிவு காண்பர். இத்தகைய ஆட்டத்தையே பாத்திர ஆட்டம் என்று ஈண்டுக் குறிக்கின்றோம். அமெரிக்க நாட்டில் 1974 ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த விதிநூல் ஒன்றால் பரவத் தொடங்கிய இவ்வாட்டம் அரை நூற்றாண்டைக் கடந்துவிட்டது. கதையும் ஆட்டமும் ஒன்றிய இவ்வகையை நோக்குவோர் அதன் கதைப்பகுதியைப் பாராட்டிச் செல்வதே வழக்கம். விதிநூல்களிற் காணப்படும் விலைப்பட்டியல்களோ கணக்கென்று ஒதுக்கப்படுகின்றன. ஒரு பாத்திரத்துக்கு எவ்வாற்றலை எவ்வளவு புள்ளி கொடுத்து வாங்கலாம் என்று வரையறுக்கும் அப்பட்டியல்களே இக்கட்டுரையின் ஆராய்ச்சிப் பொருளாம்.

வலிமை, அறிவு, அழகு, வானிற் பறத்தல் முதலிய பண்புகள் ஒன்றோடொன்று ஒவ்வாதன. அவற்றை ஒரே நாணயத்தால் அளத்தல் கூடுமோ? கூடுமெனின், ஒத்த தொகை கொண்டு ஆக்கிய இரு பாத்திரங்கள் ஒத்த வன்மையுடையன ஆகுமோ? இவ்வினாக்களுக்கு விடை காண நாம் வெளியே செல்ல வேண்டுவதில்லை. விதிநூலார் தம் பட்டியல்களைப் பதிப்புதோறும் திருத்தியுள்ளனர். அத்திருத்தங்களை வரிசைப்படுத்தி நோக்கின், விலை என்பது ஆற்றலின் இயல்பைக் காட்டுவதன்று, பிற ஆற்றல்களோடும் ஆட்டம் நிகழும் களத்தோடும் அதற்குள்ள உறவைக் காட்டும் மதிப்பீடே என்பது புலனாகும்.

1. பகடையும் காலமும்

விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் ஊரிலிருந்து கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்ன்சன் ஆகிய இருவர் பெயரால் 1974 இல் வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ மூன்று சிறு நூல்களைக் கொண்ட ஒரு பெட்டியாக விற்கப்பட்டது. முதற்கண் அச்சிடப்பட்டவை 1000 படிகளே. அந்நூலிற் பாத்திரம் வலிமை, அறிவு, விவேகம், உடலுறுதி, செயல்விரைவு, பிறரை ஈர்க்கும் பெற்றி என்னும் ஆறு பண்புகளை உடையது. ஒவ்வொன்றுக்கும் மூன்று பகடைகளை உருட்டி, வரும் கூட்டுத்தொகையை அவ்வரிசையிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். மூன்று பகடைகள் விழும் வகை 216. அவற்றுள் 18 என்னும் உச்சவெண் ஒரேயொரு வகையால் வரும். 10 என்பதோ 27 வகைகளால் வரும். ஆகவே ஆடுவோர் தம் பாத்திரத்தைத் தேர்ந்தெடுத்திலர். ஊழ் கொடுத்ததைப் பெற்றுக்கொண்டனர் என்பதே பொருந்தும்.

ஆயினும் விலை என்னும் கருத்து அந்நூலில் இல்லாமற் போகவில்லை. போர்வீரன் இரண்டாம் படியை அடைதற்கு 2000 அனுபவப் புள்ளிகள் வேண்டும், மந்திரவாதிக்கு 2500, சமயத்துறவிக்கு 1500. பின்னாளிற் பேராற்றல் பெறவிருக்கும் மந்திரவாதி அதற்குரிய விலையைக் காத்திருத்தலால் செலுத்தினான். மேலும், அனுபவப் புள்ளி கணக்கிடும் அளவிற்கு மட்டும், ஒரு பண்பின் மிகுதியை மற்றொன்றுக்கு ஈடாக இரண்டுக்கு ஒன்று, மூன்றுக்கு ஒன்று என்னும் வீதத்தில் எண்ணிக்கொள்ளவும் அந்நூல் இடந்தந்தது. பண்புகளுக்கிடையே மாற்று வீதம் ஒன்று உண்டு என்னும் எண்ணத்தின் வித்து இங்கே காணப்படுகின்றது.

ஊழின் கொடுமையைக் குறைக்கும் முயற்சி விரைவிலேயே தோன்றிற்று. 1979 இல் வெளிவந்த நடுவர் கைந்நூல் நான்கு பகடைகளை உருட்டிச் சிறியதை நீக்கி, எஞ்சிய தொகைகளை விரும்பியவாறு பண்புகளுக்குப் பகிர்ந்துகொள்ளும் முறையைக் கூறிற்று. பகடை நீங்கவில்லை, பகிர்வு மட்டும் ஆடுவோர் கைக்கு வந்தது.

2. தொகையைப் பகிர்தல்

பகடையை முற்ற நீக்கிய தொடக்ககால நூல்களுள் தெளிவான ஒன்று, ஸ்டீவ் ஜாக்சன் என்னும் அமெரிக்கர் 1977 இல் ஆக்கிய ‘மெலீ’ என்னும் சிறு போராட்டம். அதன்கண் வலிமை, செயல்விரைவு என்னும் இரண்டே பண்புகள். இரண்டும் 8 இல் தொடங்கும்; மேலும் 8 புள்ளிகளை ஆடுவோர் பகிர்ந்து கொள்வர்; மொத்தம் 24. வலிமை மிக்கவன் பெரும்படைக்கலம் ஏந்துவான், அடியும் தாங்குவான். ஆனால் அவன் வீச்சு குறி தவறும். விரைவு மிக்கவன் குறி தவறான். ஆனால் சிறு படைக்கலமே அவன் கைக்குரியது, சில அடிகளிலேயே வீழ்வான். கவசம் பூணின் விரைவு குறையும். 1978 இல் வந்த ‘விஸார்ட்’ அறிவு என்னும் மூன்றாவதைச் சேர்த்து மொத்தத்தை 32 ஆக்கிற்று.

இம்முறை செம்மையாக நடந்ததற்குக் காரணம் யாது? களம் ஒன்றே, அதுவும் வாட்போர்க்களம். ஒவ்வொரு பண்பும் அக்களத்தில் நாள்தோறும் வேலை செய்தது. ஆதலின் ஒரு புள்ளிக்கு ஒரு புள்ளி என்னும் எளிய விலை பொய்க்கவில்லை. களம் விரிந்தபோதுதான் சிக்கல் தோன்றிற்று.

3. முதற்பண்பும் வழிப்பண்பும்

ஜார்ஜ் மக்டானல்டு, ஸ்டீவ் பீட்டர்சன் ஆகியோர் 1981 இல் வெளியிட்ட ‘சாம்பியன்ஸ்’ மீவலி வீரர்களைப் பற்றிய ஆட்டம். பறப்போர், தீ உமிழ்வோர், பிறர் உள்ளத்தை அறிவோர் எனப் பல்வகையாரை ஒரே பட்டியலால் ஆக்க முற்பட்டது இந்நூலின் துணிவு. ஆற்றலின் தோற்றத்தை விடுத்து அதன் விளைவுக்கு மட்டும் விலையிட்டமை இதன் புதுமை. தீயாயினும் மின்னலாயினும் ஒரு பகடை அளவு தாக்கும் எய்தாற்றலுக்கு விலை 5 புள்ளி. பத்துப் பகடைக்கு 50. சிறப்புக்கூறு சேர்ப்பின் விலை பெருக்கப்படும். கட்டுப்பாடு ஏற்பின் வகுக்கப்படும். அரைமடங்கு சிறப்பு அதனை 75 ஆக்கும். ஒருமடங்கு கட்டுப்பாடு 50 ஐ 25 ஆக்கும்.

இத்துணை நுணுகிய கணக்கில் ஒரு பிளவு நெடுங்காலம் நின்றது. வலிமை போன்றவற்றை முதற்பண்பு என்றும், அவற்றிலிருந்து வாய்பாட்டாற் பெறப்படுவனவற்றை வழிப்பண்பு என்றும் ஈண்டு வழங்குவோம். வலிமையைப் பத்து அலகு உயர்த்த விலை 10 புள்ளி. அவ்வாறு உயர்த்தின், அடி தடுக்கும் அளவு 2, இளைப்பு மீளும் அளவு 2, மயக்கம் தாங்கும் அளவு 5 ஆகியவை தாமே உயரும். இவற்றைத் தனியே வாங்கின் முறையே 2, 4, 5 ஆக 11 புள்ளி செலவாகும். அஃதாவது பத்துக் கொடுத்துப் பதினொன்று பெற்று, வலிமையையும் விலையின்றிப் பெறலாம். உடலுறுதியும் இத்தகையதே: 20 புள்ளி கொடுத்துப் பத்து அலகு வாங்கின் 21 புள்ளி மதிப்புள்ள வழிப்பண்புகள் உடன்வரும். ஆகவே அறிவாற் சிறந்த பாத்திரம் வேண்டினோரும் வலிமையை வாங்குவதே கணக்குக்கு இசைந்ததாயிற்று.

இதனை ஆக்குநர் அறியாதிருந்தாரல்லர். முதற்பண்பை வாங்கி வழிப்பண்புகளை விற்றுப் புள்ளி ஈட்டுவதைத் தடுக்க, ஒன்றனுக்கு மேல் விற்கலாகாது என்னும் விலக்கு விதி பின்னைப் பதிப்பில் இடம்பெற்றது. 2009 ஆம் ஆண்டின் ஆறாம் பதிப்பே வேரைத் தொட்டது. வழிப்பண்பு என்னும் தொடர்பையே அறுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே வாங்குமாறு செய்தது. உடலுறுதியின் அலகு விலை 2 இலிருந்து 1 ஆகவும், செயல்விரைவின் விலை 3 இலிருந்து 2 ஆகவும் இறங்கின. அலகுக்கு அரைப்புள்ளியாக விற்றுவந்த அழகு, பண்புப் பட்டியலினின்றே நீங்கியது. இருபத்தெட்டு ஆண்டுகளிற் செயல்விரைவு தன் இயல்பில் மாறவில்லை. மாறியது அதன் உறவு. உறவு மாறவே விலையும் மாறிற்று.

4. விலையேற்றத்தின் பொருள்

‘மெலீ’ ஆக்கிய ஜாக்சனே 1986 இல் வெளியிட்ட ‘கர்ப்ஸ்’ எல்லாக் களத்துக்கும் ஒரே விதி என்னும் நோக்குடையது. தொடக்கத் தொகை பெரும்பாலும் 100 புள்ளி. நான்கு பண்புகளும் 10 இல் தொடங்கும். 11 ஆக்க 10 புள்ளி. 13 ஆக்க 30. 15 ஆக்க 60. 16 ஆக்க 80. 18 ஆக்க 125. உயர உயர ஒவ்வொரு படியின் விலையும் ஏறுகின்றது.

இவ்வேற்றம் பயனுக்கு ஏற்றதோ எனின், அன்று. இவ்வாட்டத்தில் மூன்று பகடையின் தொகை பண்பின் எண்ணுக்கு மேற்படாதிருந்தால் செயல் வெற்றியாம். பண்பு 10 இலிருந்து 11 ஆயின் 216 வகைகளில் 27 புதிதாக வெற்றியாகும். 15 இலிருந்து 16 ஆயின் 6 மட்டுமே புதிதாகும். முன்னதன் விலை 10. பின்னதன் விலை 20. கடினச் செயல்களில் எண் குறைக்கப்படும்போது உயர்பண்பு மேலும் உதவும் என்பது மெய்யே. ஆயினும் நேர்ச்சோதனையிற் பயன் சுருங்கச் சுருங்க விலை பெருகுகின்றது என்பதை மறுத்தற்கில்லை. அவ்விலை பயனின் அளவன்று. உச்சம் அரிதாகவே இருத்தல் வேண்டும் என்னும் விருப்பத்தின் அளவு. பகடையில் 18 அரிதாக வந்தது. பகடை நீங்கிய பின்னர் அவ்வருமையை விலை காத்தது எனலாம். ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ 2000 ஆம் ஆண்டுப் பதிப்பில் 25 புள்ளிகளைத் தந்து, 14 க்கு 6 என்றும் 18 க்கு 16 என்றும் விதித்தது. 2014 ஆம் ஆண்டுப் பதிப்பில் 27 புள்ளிகளைத் தந்து, 15 க்கு மேல் வாங்குதலையே விலக்கிற்று.

‘கர்ப்ஸ்’ 2004 இல் நான்காம் பதிப்பாக வந்தபோது ஏறுவிலை கைவிடப்பட்டது. வலிமைக்கும் உடல்நலத்துக்கும் படிக்கு 10. செயல்விரைவுக்கும் அறிவுக்கும் படிக்கு 20 என்றாயிற்று. முன்னர் நான்கும் ஒரே விலையின. இவ்விரண்டும் எண்ணற்ற கைத்திறன்களுக்கும் கல்வித்திறன்களுக்கும் அடிப்படையாய் நின்று அவற்றையெல்லாம் ஒருங்கே உயர்த்துவன, ஆதலின் இருமடங்கு. ‘சாம்பியன்ஸ்’ தொடர்பை அறுத்தது; ‘கர்ப்ஸ்’ தொடர்பை ஏற்று அதற்கு விலையிட்டது. வழி வேறாயினும் இரு நூலாரும் உணர்ந்த உண்மை ஒன்றே.

5. குறைக்கு ஈடு

இவ்விரு நூல்களும் குறைகளுக்கும் விலை தந்தன. பகைவரால் தேடப்படுதல், சினம் அடங்காமை, நீரைக் கண்டு அஞ்சுதல் முதலியவற்றை ஏற்போர் கூடுதற் புள்ளி பெற்று அவற்றால் ஆற்றல் வாங்கலாம். இங்கே களத்தின் இன்றியமையாமை மேலும் தெளிவாகின்றது. கடற்பயணக் கதையில் நீரச்சம் கொடிய குறை. பாலைநிலக் கதையில் அது வாளா கிடைத்த புள்ளி. ‘கர்ப்ஸ்’ தன் முற்பதிப்புகளிற் குறைகளாற் பெறுவதை 40 புள்ளிக்குள் அடக்கிற்று. தடை செய்யாத தடைக்குப் புள்ளியில்லை என்னும் நெறியைச் ‘சாம்பியன்ஸ்’ வற்புறுத்திற்று. எது தடை என்று சொல்வார் யார்? அக்கதையை நடத்தும் நடுவரே. அஃதாவது, அச்சிட்ட பட்டியல் தன் முடிவுரிமையை மேசைக்கே விட்டுக்கொடுத்தது.

2013 இல் வந்த ‘ஃபேட் கோர்’ இக்கருத்தை முற்றும் ஏற்றுக்கொண்டது. குறைக்கு முன்பணம் அங்கில்லை. பாத்திரத்தின் குறை ஆட்டத்திடையே உண்மையில் இடர் விளைக்கும்போது, அவ்விடரை ஏற்பவர் ஒரு புள்ளி பெறுவர். மறுப்பவர் ஒரு புள்ளி இழப்பர்.

ஆற்றலின் விலையை மேசைக்கே விட்ட நூலும் உண்டு. ரோஜர் ஜெலாஸ்னியின் புதினங்களைத் தழுவி எரிக் வூஜிக் 1991 இல் வெளியிட்ட ‘ஆம்பர்’ பகடையே இல்லாத ஆட்டம். ஒவ்வொருவருக்கும் 100 புள்ளி. உளவலிமை, உடல்வலிமை, நீடுநிற்கும் ஆற்றல், போர்த்திறம் என்னும் நான்கும் ஏலத்தில் விடப்படும். மிகுதி கேட்டவர் முதலிடம் பெறுவர். தோற்றவர் கேட்ட தொகையும் செலவானதே. அங்கே போர்த்திறத்தின் விலை யாது என்பதற்கு நூலில் விடையில்லை; அவ்விரவில் அமர்ந்தோர் அதனை எவ்வளவு விரும்பினர் என்பதே விடை.

6. முடிவு

அற்றாயின் புள்ளிமுறை வீண் முயற்சியோ எனின், அன்று. பகடை உருட்டிப் பாத்திரம் பெற்ற காலத்தில் ஒருவர் வீரனையும் மற்றொருவர் நோயாளியையும் பெற்று ஒரே மேசையில் ஆண்டுக்கணக்காக ஆட நேர்ந்தது. புள்ளிமுறை அவ்விருவர்க்கும் ஒரே தொகையையும் ஒரே பட்டியலையும் கொடுத்தது. அது அளித்தது தெரிவிற் சமன்மை, வன்மையிற் சமன்மையன்று. இவ்விரண்டையும் ஒன்றென மயங்கியமையாலேயே பட்டியலை மேலும் மேலும் நுணுக்கினால் நீதி தானே வரும் என்னும் நம்பிக்கை எழுந்தது.

அம்மயக்கத்தால் இழப்புறுவோர் மனிதர், பாத்திரங்கள் அல்ல. நூறு புள்ளியையும் பன்மொழிப் புலமையிலும் வரலாற்றறிவிலும் செலவிட்ட ஒருவர், கதை முழுதும் போராகவே நடப்பின், கணக்கிற் சமமாகவும் மேசையில் வாளா இருப்பவராகவும் ஆவர். அக்குறையை எந்தப் பதிப்பின் விலைத்திருத்தமும் தீர்க்காது. கல்விக்கு வேலை தரும் கதையை நடுவர் அமைப்பினும், இக்கதை போர்க்கதை என்று தொடக்கத்திலேயே கூறினும் அது தீரும். விலைப்பட்டியல் அவ்வுடன்பாட்டுக்குத் துணையாம். அதற்கு மாற்று ஆகாது என்பது இவ்வரலாற்றாற் பெறப்படும் முடிபாகும்.