பெருமுக்கல் – மரக்காணம் கட்டணமில்லாச் சுற்றுலா

பெருமுக்கல் – மரக்காணம் பகுதி என்பது தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்தில், திண்டிவனம் நகருக்கும் வங்காள விரிகுடாவிற்கும் இடையே அமைந்துள்ள நிலப்பரப்பாகும். ஒரு பாறை மலை, பரந்த உப்பளங்கள், உவர்நீர் ஏரி, சோழர் காலக் கோயில் ஆகியன இங்கு அடுத்தடுத்துக் காணப்படுகின்றன. வடக்கே மாவட்ட எல்லையைக் கடந்தால் பாழடைந்த ஆலம்பரைக் கோட்டையும் உள்ளது. இவற்றைக் காண நுழைவுச் சீட்டு எதுவும் இல்லை.

கிழக்குக் கடற்கரைச் சாலையின் சென்னைப் பக்கம் கேளிக்கைப் பூங்காக்களுக்குப் பெயர் பெற்றது. இஞ்சம்பாக்கத்தில் வி.ஜி.பி. பூங்காவும் முட்டுக்காட்டில் எம்.ஜி.எம். பூங்காவும் உள்ளன. ஆள் ஒன்றுக்குச் சீட்டு வாங்க வேண்டிய இடங்கள் என்பதால், குழந்தைகளுடன் செல்லும் குடும்பத்திற்கு இங்கு ஒரு நாள் செலவு பெரிதாகிவிடும். அதே சாலையில் தெற்கே வந்தால் மரக்காணம். இங்கு செலவு இல்லை. எனினும் வாயிலும் சீட்டும் இல்லாத இடங்களில் பெரும்பாலும் காவலும் இல்லை. இப்பகுதியைப் பற்றிய செய்திகளில் பெரும்பகுதி இந்த ஒன்றையே சுற்றி வருகிறது.

பெருமுக்கல் மலை

பெருமுக்கல் திண்டிவனத்திற்குக் கிழக்கே ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில், மரக்காணம் செல்லும் சாலையை ஒட்டியுள்ள ஊராகும். இது மரக்காணம் ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தது. மலை உயரமானதன்று, சற்றே 100 மீட்டரைக் கடந்தது. சமவெளியின் நடுவே தனித்து நிற்பதால் நெடுந்தொலைவிலேயே கண்ணுக்குத் தெரியும். பள்ளி வயதுக் குழந்தைகள் இளைப்பாறி இளைப்பாறி ஏறிவிடக் கூடிய மலை இது. குடிநீரைக் கீழிருந்தே கொண்டு செல்வது நல்லது. கோடையில் பத்து மணிக்கு மேல் பாறை சுடத் தொடங்கிவிடும்.

மலை உச்சியில் முக்தியாசலேசுவரர் எனப்படும் சிவன் கோயில் உள்ளது. விக்கிரம சோழன் (1118–1135) காலம் உள்ளிட்ட சோழர் காலக் கல்வெட்டுகள் இங்குக் காணப்படுகின்றன. ஊரின் பெயருக்கு வழங்கும் கதை சுவையானது. வால்மீகி முனிவரின் ஆசிரமம் இம்மலையில் இருந்தது என்றும், சீதை லவனையும் குசனையும் ஈன்றபோது பெரிதாக முக்கியதால் பெருமுக்கல் எனப் பெயர் வந்தது என்றும் ஊரார் கூறுவர். இது பெயரைக் கொண்டு பின்னர் கட்டப்பட்ட கதை என்றே தோன்றுகிறது. ஆயினும் குழந்தைகளுக்கு மலையேறும்போது சொல்ல இதைவிடப் பொருத்தமான கதை கிடைப்பது அரிது.

சீதை குகை என வழங்கப்படும் குகையில் பாறைக் கீறல்கள் உள்ளன. வண்ணம் தீட்டிய ஓவியங்கள் அல்ல. கல்லால் பாறையில் கீறியும் தேய்த்தும் உருவாக்கப்பட்ட குறியீடுகள். இவை வரலாற்றுக்கு முற்பட்டவை எனக் கருதப்படுகின்றன. சில குறிகளைச் சிந்துவெளிக் குறியீடுகளுடன் ஒப்பிட்டு எழுதியோர் உள்ளனர். ஆனால் அவ்வொப்பீடு முடிந்த முடிவு அன்று. முதலில் பார்ப்பவருக்கு வெறும் சிராய்ப்புகளாகவே தெரியும். காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் கோடுகளின் பள்ளத்தில் நிழல் விழும்போதுதான் உருவம் பிடிபடும். இத்தகைய கீறல்களின்மேல் சாக்கட்டியால் எழுதுவதும், அருகில் பெயர் செதுக்குவதும் திருத்த முடியாத சேதமாகும். பழைய கீறலையும் நேற்றைய கீறலையும் பின்னர் வருபவர் பிரித்தறிய இயலாது.

ஆங்கிலேயர் ஆவணங்களில் இவ்வூர் பெர்மக்கோயில் எனக் குறிக்கப்படுகிறது. கர்நாடகப் போர்களில் மலை ஒரு கோட்டையாகப் பயன்பட்டது. 1760-இல் வந்தவாசிப் போருக்குப் பின் புதுச்சேரியை நோக்கி முன்னேறிய ஆங்கிலத் தளபதி அயர் கூட் இதனைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து கைப்பற்றினார். அத்தாக்குதலில் அவரே காயமடைந்தார். பின்னர் ஐதர் அலியும் திப்பு சுல்தானும் நடத்திய போர்களிலும் மலை கைமாறியது.

போர்களில் தப்பிய மலைக்குக் கல் குவாரிகள் வேறு வகைத் தொல்லையாக அமைந்தன. திண்டிவனம் வட்டாரக் கருங்கல் கட்டுமானத்திற்கு உகந்தது. வெடி வைத்துப் பாறை உடைக்கும்போது ஏற்படும் அதிர்வு, சாந்தின்றி அடுக்கிய பழைய கற்சுவர்களுக்கும் விரிசல் கண்ட குகைப் பாறைகளுக்கும் கேடு விளைவிக்கும். நீர் நிறைந்த கைவிடப்பட்ட குவாரிக் குழிகள் பார்ப்பதற்குக் குளம் போலிருக்கும். கரை செங்குத்தாகவும் ஆழம் கணிக்க முடியாததாகவும் இருப்பதால், குழந்தைகளை அருகில் விடக்கூடாது.

உப்பளங்கள்

மரக்காணம் தமிழ்நாட்டின் முதன்மையான உப்பு விளையும் இடங்களுள் ஒன்றாகும். இவ்வூரின் பூமீசுவரர் கோயில் கல்வெட்டுகளிலேயே உப்பளங்கள் பற்றிய குறிப்புகள் உள்ளன. சங்க நூல்கள் கூறும் எயிற்பட்டினம் இவ்வூரே என்பது அறிஞர் சிலரின் கருத்து. ஆந்திரத்திலிருந்து கடலோரமாக வரும் பக்கிங்காம் கால்வாயின் தென்முனையும் இங்குதான் உள்ளது.

உப்பு விளையும் முறையைச் சாலையோரத்தில் நின்றே குழந்தைகளுக்குக் காட்டலாம். கடல்நீரில் ஏறத்தாழ 3.5 விழுக்காடு உப்புகள் கலந்துள்ளன. உவர்நீரைத் தேக்கப் பாத்திகளில் நிறுத்தி வெயிலில் வற்றவிடுவர். செறிவு ஏற ஏற முதலில் சுண்ணாம்புப் பொருள்களும் ஜிப்சமும் படியும். போமே அளவையில் ஏறக்குறைய 25 பாகை எட்டியதும் நீரைக் கடைசிப் பாத்திகளுக்கு மாற்றுவர். அங்குதான் உப்பு படிகமாகும். நீரை முற்றிலும் வற்றவிடுவதில்லை. எஞ்சும் நீரில் மக்னீசிய உப்புகள் மிகுந்து கசப்பு ஏறும் என்பதால் அதனை வெளியேற்றிவிடுவர். தொழிலாளர்கள் நீண்ட பிடியுள்ள பலகையால் உப்பை வாரி வரப்பில் குவிக்கின்றனர்.

விளைச்சல் ஏறத்தாழ சனவரியில் தொடங்கி வடகிழக்குப் பருவமழை வரை நடைபெறும். இடையில் ஒரு மழை பெய்தாலும் விளைந்த உப்பு கரைந்து, வேலையை மீண்டும் தொடக்கத்திலிருந்து செய்ய வேண்டும். மழைக்காலத்தில் வேலை இல்லை. இதற்காக உப்பளத் தொழிலாளர்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2022-இல் தொடங்கியது.

வருவோர் மறந்துவிடுவது ஒன்று: இது காட்சித்திடல் அன்று, பிறரின் வேலையிடம். பாத்தியின் தரை மிதித்து மிதித்து இறுக்கப்பட்டது. படம் எடுப்பதற்காக உள்ளே இறங்கினால் தரை குழிந்து சேறு கலங்கி உப்பு பழுப்பாகும். வரப்பு உடைந்தால் பல நாள் வெயிலில் செறிவேறிய நீர் வீணாகும். வரப்பில் ஏறுமுன் கேட்பதே முறை. வேலை விடியற்காலையிலேயே தொடங்கிவிடுவதால், எட்டு மணிக்குள் வருவோரே வாருதலைக் காண முடியும்.

கழுவெளி

உப்பளங்களுக்குத் தென்மேற்கே உள்ள கழுவெளி, பழவேற்காட்டிற்கு அடுத்துத் தமிழ்நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாகும். கடலுடன் உப்புக்கழி ஓடை வழியே தொடர்பு கொண்டது. வலசைக் காலத்தில் பூநாரை, கூழைக்கடா, ஆலா, உள்ளான் வகைகள் ஆகியவற்றை இங்குக் காணலாம். நிலம் ஆக்கிரமிக்கப்படுவதும் இறால் பண்ணைகளும் நெடுங்காலச் சிக்கல்களாக இருந்துவந்தன. 2021 திசம்பரில் 5,151.60 எக்டேர் பரப்பு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இது தமிழ்நாட்டின் 16-ஆவது பறவைகள் சரணாலயமாகும். கரையில் நின்று தொலைநோக்கியால் பார்ப்பதே போதுமானது. கூட்டத்தைப் பறக்க வைத்துப் படம் எடுப்பது, நெடுந்தொலைவு பறந்து வந்த பறவையின் வலுவை வீணாக்கும் செயலாகும்.

ஆலம்பரைக் கோட்டை

மரக்காணத்திற்கு வடக்கே, செங்கல்பட்டு மாவட்டக் கடப்பாக்கம் அருகே உப்பங்கழிக் கரையில் இக்கோட்டை உள்ளது. 18-ஆம் நூற்றாண்டில் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டப்பட்டது. 1750-இல் பிரெஞ்சு ஆளுநர் தூய்ப்ளேயின் வசம் வந்து, 1760-இல் ஆங்கிலேயரால் கைப்பற்றப்பட்டுச் சிதைக்கப்பட்டது. சுவர்கள் தளர்ந்துள்ளன, மேலே ஏறுவது ஆபத்தானது. உப்பங்கழியில் படகில் செல்ல விரும்புவோர் மீனவர்களுக்குக் கூலி தர வேண்டும். இந்தச் சுற்றில் பணம் கொடுக்கும் இடம் அநேகமாக இது ஒன்றே.

செல்லும் காலமும் வழியும்

சனவரி இறுதியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை உள்ள காலம் ஏற்றது. உப்பு வாருதல் தொடங்கியிருக்கும், வலசைப் பறவைகள் திரும்பியிருக்கா, பாறையும் அவ்வளவாகச் சுடாது. பள்ளி விடுமுறை வரும் மே மாதத்தில் பறவைகள் இரா. மலையும் அதிகாலைக்கே உரியது. திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் பேருந்துகள் பெருமுக்கல் வழியாகச் செல்கின்றன. அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 மே மாதம் முதல் மகளிருக்குக் கட்டணம் இல்லை. மலை, உப்பளம், ஏரி மூன்றையும் ஒரே நாளில் முடிக்க முயல்வோர் பெரும்பாலும் உப்பளத்தை நண்பகலில் வந்தடைகின்றனர். அப்போது வெண்ணிறக் கூசலில் கண் திறக்க முடியாது. பாத்திகளிலும் ஆள் இருப்பதில்லை.