புறம்போக்கில் பிறந்த கோல்ஃப்

கோல்ஃப் என்றாலே நம் ஆட்களுக்கு ஞாபகம் வருவது உயரமான மதில், வாசலில் காவலாளி, உள்ளே பெரிய மனிதர்கள். நான் குப்பை கொட்டும் கொல்கத்தாவில்தான் 1829ல் ஆரம்பித்த ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப் இருக்கிறது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே இதைவிடப் பழைய கோல்ஃப் கிளப் கிடையாது. இந்த ஊருக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. அதன் மதிலைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன் :-)

ஆனால் இந்த ஆட்டத்தின் தாய்வீட்டில் மதிலே கிடையாது. நம் பாஷையில் சொன்னால், அது ஊர்ப் புறம்போக்கு.

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்று ஒரு சின்ன ஊர். கடலுக்கும் வயலுக்கும் நடுவே மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் மணல் நிலத்தை அந்தப் பக்கம் 'லிங்க்ஸ்' என்பார்கள். விவசாயத்துக்கு உதவாது. ஆடு மேயும், முயல் வளை தோண்டும், பெண்கள் துணி உலர்த்துவார்கள், மற்றவர்கள் பந்து அடிப்பார்கள். மணல் என்பதால் மழைத் தண்ணீர் சீக்கிரம் வடிந்துவிடும். ஆடு மேய்ந்து புல்லும் கட்டையாகவே இருக்கும். பந்தை விழுங்கும் மணல்குழிகள்கூட, காற்றுக்கு ஒதுங்கிய ஆடுகள் படுத்துப் படுத்து உண்டானவை என்றுதான் சொல்கிறார்கள்.

1457ல் மன்னர் இரண்டாம் ஜேம்ஸ், பயல்கள் வில்வித்தை பழகாமல் பந்து விளையாடிக்கொண்டு திரிகிறார்கள் என்று கோல்ஃபையும் கால்பந்தையும் தடை செய்தார். யார் கேட்டார்கள்? ஆட்டம் நிற்கவில்லை.

1552ல் பேராயர் ஜான் ஹாமில்டனுக்கு அந்த நிலத்தில் முயல் வளர்க்க ஆசை வந்தது. ஊரார் சம்மதித்தார்கள். ஆனால் கோல்ஃப், கால்பந்து எல்லாம் ஆடும் உரிமை எப்போதும் போல ஊராருக்கு உண்டு என்று சாசனத்தில் எழுதி வாங்கிக்கொண்டார்கள். அந்த ஒரு காகிதத்தின் அருமை பிறகுதான் தெரிந்தது.

1764ல் 22 குழி ஆட்டத்தைச் சுருக்கி 18 ஆக்கினார்கள். இன்று உலகம் முழுக்க 18 குழி ஆடுவதற்கு இதுதான் மூலம். அடுத்த முப்பது சொச்சம் வருஷத்தில் நகரசபை கடனில் மூழ்கியது. 1797ல் நிலம் கைவிட்டுப் போனது. அப்புறம் டெம்ப்ஸ்டர் என்ற வியாபாரக் குடும்பத்தின் கைக்கு வந்து, முழுநேர முயல் பண்ணையானது. ஆடுகிற இடமெல்லாம் வளை. ஊரார் விடவில்லை. அடிதடி, கோர்ட், கேஸ் என்று இருபது வருஷத்துக்கு மேல் இழுத்தது. 1821ல் பக்கத்து ஸ்ட்ராத்டைரம் எஸ்டேட்காரர் ஜேம்ஸ் சீப் நிலத்தை வாங்கி முயல்களுக்கு முடிவு கட்டினார். அவரும் கோல்ஃப் ஆடுகிறவர்! 1894ல் பார்லிமென்ட் சட்டத்தின் மூலம் நிலம் திரும்ப ஊருக்கே வந்தது. 1974லிருந்து ஓர் அறக்கட்டளை நிர்வகிக்கிறது.

போன அக்டோபரில் அலுவலக வேலையாக எடின்பரோ போயிருந்தபோது ஒரு சனிக்கிழமை அங்கே ஆடப் போனேன். புகழ்பெற்ற ஓல்ட் கோர்ஸில் இடம் கிடைப்பது குலுக்கல் அதிர்ஷ்டம். எனக்குக் கிடைத்தது, அதே அறக்கட்டளை நடத்தும் ஸ்ட்ராத்டைரம் மைதானம். ஆமாம், அந்த எஸ்டேட்டின் பெயர்தான்.

நம் ஊரில் மழை மேலிருந்து பெய்யும். அங்கே பக்கவாட்டில் பெய்கிறது. குடையை விரித்த மறு நிமிடம் அது திரும்பிக்கொண்டது. உயர அடித்த பந்து, பாதி வழியில் யோசித்து, இடது பக்கம் போய் விழுந்தது. கூட ஆடிய உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் சொல்லிக்கொடுத்தார்: "காற்றோடு சண்டை போடாதே. மெதுவாக அடி, தாழ்வாக அடி, தரையில் ஓடவிடு." அந்தக் கட்டை புல்லிலும் இறுகிய மணலிலும் பந்து அழகாக உருண்டு போகிறது. மணல் நிலமும் கடற்காற்றும் சேர்ந்து உண்டாக்கிய ஆட்டம் இது என்று அங்கேதான் புரிந்தது.

இந்தக் காற்றுக்குப் பெரிய ஆட்டக்காரர்களும் தப்பவில்லை. 2015 ஓப்பன் போட்டியில் வைத்த பந்து வைத்த இடத்தில் நிற்காமல் நகர்ந்ததால், சனிக்கிழமை ஆட்டத்தைப் பத்து மணி நேரத்துக்கு மேல் நிறுத்திவைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை முடிய வேண்டிய போட்டி திங்கட்கிழமை முடிந்தது.

மறுநாள் ஞாயிறு. சில பெரிய போட்டிகள் தவிர, ஞாயிற்றுக்கிழமைகளில் ஓல்ட் கோர்ஸில் ஆட்டம் கிடையாது. யார் வேண்டுமானாலும் உள்ளே நடக்கலாம். உலகத்தின் பெரிய பெரிய ஆட்டக்காரர்கள் நடந்த புல்தரையில் நாய்கள் துரத்திப் பிடித்து விளையாடின. ஒரு அம்மா குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். முதல் குழிக்கும் கடைசிக் குழிக்கும் குறுக்கே பொதுப் பாதையே ஓடுகிறது. டிக்கெட் இல்லை, காவலாளி இல்லை.

புறம்போக்கு என்பதை நாம் திட்டுகிற வார்த்தையாக்கிவிட்டோம். வரிக்கணக்கில் சேராத, எல்லாருக்கும் பொதுவான நிலம் என்பதுதான் அதன் அர்த்தம். மேய்ச்சல் நிலம், ஏரிக்கரை, களம், கிட்டிப்புள் ஆடிய பொட்டல் எல்லாம் அதில் சேர்த்திதான். லீவுக்கு ஊருக்குப் போகும்போதெல்லாம் அதில் ஏதோ ஒன்றுக்குக் கம்பிவேலி முளைத்திருக்கிறது. இவர்கள் மட்டும் எப்படிக் காப்பாற்றினார்கள்? காசு பலத்தால் மட்டும் இல்லை. 1552லேயே எழுதி வாங்கினார்கள். 250 வருஷம் கழித்து முயல் வந்தபோதும் அதை மறக்கவில்லை.