றேடியோவின் முதுகில் ஒரு ஓட்டை

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

யாழ்ப்பாணத்தில் பழைய றேடியோ ஒன்று கையில் கிடைத்தால் முன்பக்கத்தைப் பார்த்து மயங்காதீர்கள். திருப்பி முதுகைப் பாருங்கள். பற்றரி மூடிக்குப் பக்கத்தில், காய்ச்சிய ஆணியால் குத்தினது போல ஒரு ஓட்டை இருக்கக்கூடும். சிலதில் அந்த ஓட்டை வழியாக இரண்டு வயர் இன்னும் வெளியே தொங்கும். அது கொம்பனி போட்ட ஓட்டை அல்ல. 1990க்குப் பிறகு இந்தக் குடாநாட்டில் போட்டது.

இப்போது நமது இளைஞர்கள் சிலருக்குப் பழைய வால்வு றேடியோ, றெக்கோட் பிளேயர், கசெட் செட் எல்லாம் தேடி வாங்கித் திருத்தி வைக்கும் ஆசை வந்திருக்கிறது. நல்ல ஆசைதான். ஆனால் திருத்துகிறோம் என்று அந்த ஓட்டையை அடைத்து, பட்டி பூசி, வர்ணம் அடித்து, "புத்தம் புதுசு" என்று படம் போடுகிறார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. ஏன் என்று சொல்வதற்குக் கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்க வேண்டும்.

இலங்கையில் வானொலி பிறந்ததே பழைய சாமானைத் திருத்தித்தான். 1920களின் தொடக்கத்தில் கொழும்புத் தந்தித் திணைக்களத்தின் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்பர் பரீட்சார்த்த ஒலிபரப்பைத் தொடங்கியபோது, பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் வானொலிக் கருவிப் பாகங்களைக் கொண்டுதான் ஒலிபரப்பியை அமைத்தார்கள். 1925 டிசம்பர் 16இல் ஒழுங்கான ஒலிபரப்பு ஆரம்பமானது. ஒருத்தரின் யுத்தத்தில் மிஞ்சிய இரும்பு இன்னொருத்தருக்குப் பாட்டுப் பெட்டியாக மாறியது என்று வையுங்கள்.

1949இல் "ரேடியோ சிலோன்" என்ற பெயர் வந்தது. பிறகு வர்த்தக சேவை. மயில்வாகனன், கே.எஸ்.ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச்.அப்துல் ஹமீட் என்று பெயர்களை அடுக்கினால் வயதானவர்கள் யாரும் ஒரு நிமிஷம் பேசாமல் இருப்பார்கள். 1952இலிருந்து சில வருடங்கள் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கி வைத்திருந்த காலத்தில் இந்தியாவே கொழும்புக்குக் காது கொடுத்தது. அந்தப் பெருமைக் கதையை எல்லாரும் எழுதிவிட்டார்கள். எனக்கு வேண்டியது கேட்ட பெட்டியின் கதை.

அந்தக் காலத்துப் பெட்டி என்றால் பிலிப்ஸ், மேர்பி, பை, புஷ், குருண்டிக். மரக் கூடு, துணி போர்த்த ஸ்பீக்கர், சூடேறிப் பாடத் தொடங்க அரை நிமிஷம் எடுக்கும் வால்வுகள். ஏரியல் கம்பியைக் கூரையிலிருந்து மரத்துக்கு இழுத்துக் கட்டுவார்கள். கரண்ட் வராத கிராமத்தில் கார் பற்றரியில் ஓடும் செட். அதைச் சார்ஜ் பண்ண ரவுணுக்குச் சைக்கிளில் கட்டிக் கொண்டுபோக வேண்டும். வானொலிக்கு வருடா வருடம் அனுமதிப்பத்திரமும் எடுக்க வேண்டும். றேடியோ என்பது அன்றைக்கு ஒரு சொத்து. அதைத் திருத்தத் தெரிந்தவருக்கு ஊரில் ஒரு மரியாதை இருந்தது.

1970களில் சிறிமாவோ அம்மையாரின் ஆட்சியில் இறக்குமதி இறுக்கப்பட்டது. உள்ளூரில் பொருத்திய "யுனிக்" டிரான்சிஸ்டர்கள் வீடுகளுக்கு வந்தன. உதிரிப்பாகம் கிடைப்பது கஷ்டம். ஆகவே திருத்துகிறவர்கள் செத்த செட்டை எறிவதில்லை. ஒன்றின் ஸ்பீக்கர், இன்னொன்றின் டிரான்ஸ்போமர், மூன்றாவதின் ஓசி 71, ஏசி 128 டிரான்சிஸ்டர்கள் என்று கழற்றி ரின் டப்பாவில் போட்டு வைப்பார்கள். பின்னாளில் இந்தக் குடாநாட்டைக் காப்பாற்றியது அந்த ரின் டப்பாக்கள்தான் என்பது என் எண்ணம். 1977இல் ஜே.ஆர். கதவைத் திறந்துவிட்டார். ஜப்பான் செட்டுகள் வந்து குவிந்தன. மத்திய கிழக்குக்குப் போனவர்கள் தோளில் டூ-இன்-வன்னோடு திரும்பினார்கள். சோனகதெருவில் நாகூர் ஹனீபாவின் கசெட் பாடாத பெருநாள் இல்லை என்று மூத்தவர்கள் சொல்வார்கள்.

நமக்கு றேடியோவில் இன்னொரு தேவையும் இருந்தது. இருபத்தொன்பதாம் நோன்பு இரவு. கொழும்பு பெரிய பள்ளியில் கூடிப் பிறை பார்த்த முடிவு வானொலியில்தான் வரும். நாளைக்குப் பெருநாளா, இன்னொரு நோன்பா என்று தெரியாமல் உம்மாமார் மாவைக் குழைத்தும் குழைக்காமலும் நிற்பார்கள். அன்றைக்கு ஒரு வீட்டு றேடியோ கரகரத்தால் தெருவே அந்த வீட்டாரைத் திட்டும். அதனால் நோன்பு மாதம் பிறக்க முன்பே செட்டைத் திருத்தக் கொடுத்துவிடுவார்கள். பெருநாளுக்கு முந்தித் தையல்கடையில் கூட்டம் நிற்பது போல, நோன்புக்கு முந்தி றேடியோக் கடையில் கூட்டம்.

பிறகு 1990.

ஜூன் மாதம் யுத்தம் மறுபடி மூண்டது. குடாநாட்டில் மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய், பெற்றோல், சவர்க்காரம் என்று நீண்ட தடைப் பட்டியலில் பற்றரியும் இருந்தது. வெடிபொருளுக்குப் பயன்படும் என்பது அரசின் நியாயம். அந்த நியாயத்தில் ஒரு சாதாரண குடும்பம் செய்தி கேட்கும் வழியும் அடைபட்டது.

சனங்கள் முதலில் செய்தது தீர்ந்த பற்றரியை மறுபடி எழுப்பும் வேலை. வெயிலில் காய வைத்தார்கள். ஆணியால் துளைத்து உப்புத் தண்ணீர் விட்டார்கள். இதில் மூடநம்பிக்கை எதுவும் இல்லை. இந்த மலிவான பற்றரியின் உள்ளே இருக்கும் களி காய்ந்து போகும். ஈரமும் சூடும் பட்டால் அந்த இரசாயனத் தாக்கம் கொஞ்ச நேரம் மறுபடி நடக்கும். புதிய பற்றரி ஒன்றரை வோல்ட் என்றால், செத்தது என்று எறிவதில் 0.8 அல்லது 0.9 வோல்ட் மிஞ்சியிருக்கும். நாலு பற்றரி போடும் றேடியோவுக்கு ஏழெட்டுப் பழைய பற்றரியைக் குழாய்க்குள் வரிசையாக அடுக்கினால் ஆறு வோல்ட் வந்துவிடும். விஞ்ஞானப் பாடத்தில் "தொடரிணைப்பு" என்று நான் கரும்பலகையில் எழுதுவதை அந்தத் தலைமுறை பசியோடு கற்றது.

அதுவும் முடிந்தபோதுதான் சைக்கிள் டைனமோ. சில்லில் உரசிச் சுழலும் போத்தல் வடிவ டைனமோ ஆறு வோல்ட், மூன்று வாட் தரும். சைக்கிளைக் கவிழ்த்து வைத்தோ, ஸ்டாண்டில் நிறுத்தியோ ஒருவர் பெடலைக் கையால் சுற்றுவார். மற்றவர்கள் கேட்பார்கள். சுற்றுவது பெரும்பாலும் பெடியன்களின் கடமை.

கேட்கச் சுலபமாக இருக்கிறது. ஆனால் டைனமோ தருவது ஆடலோட்டம். றேடியோவுக்கு வேண்டியது நேரோட்டம். நேரே கொடுத்தால் இரைச்சல்தான் கேட்கும், செட்டும் பழுதாகும். இங்கேதான் திருத்துகிறவரின் வேலை வருகிறது. நாலு டயோட்டைப் பாலம் போலக் கட்டி, அதற்குப் பின்னால் பெரிய கொண்டென்சர் ஒன்றை வைத்து, வயரை அந்த ஓட்டையால் வெளியே எடுப்பார்கள். டயோட்டு எங்கிருந்து வந்தது? எழுபதுகளின் அதே ரின் டப்பா.

இன்னொரு சிக்கலும் உண்டு. றேடியோ குடிப்பது கொஞ்ச மின்சாரம். டைனமோவை வேகமாகச் சுற்றினால் வோல்ட் ஆறைத் தாண்டி எகிறும். செய்தி சூடு பிடிக்கும்போது பெடியன் உற்சாகத்தில் வேகமாகச் சுற்ற, டிரான்சிஸ்டர் எரியும். சைக்கிளின் முன் விளக்கைக் கழற்றாமல் கூடவே எரிய விட்டால் மிஞ்சிய மின்சாரத்தை அது இழுத்துக்கொள்ளும். படிக்க வெளிச்சமும் கிடைக்கும். சுற்றுகிற கை தளர்ந்தால் அறிவிப்பாளரின் குரல் கிணற்றுக்குள் இறங்கும். கை வேகமெடுத்தால் குரலுக்குப் பின்னால் ஒரு ரீங்காரம் ஏறும்.

பிபிசி தமிழோசை இரவு ஒன்பதே கால். மணிலாவிலிருந்து வெரித்தாஸ். திருச்சி வானொலி. இவற்றுக்காகக் குடாநாடு இப்படிச் சுற்றிக்கொண்டிருந்தது.

இந்தக் கதையை வகுப்பில் சொன்னால் நமது பிள்ளைகள் வேறு ஊர்க் கதை கேட்பது போலக் கேட்கிறார்கள். தமிழ்ப் பிள்ளைகளின் வீட்டில் அப்பாவோ மாமாவோ டைனமோ சுற்றியிருப்பார். நமது பிள்ளைகளின் வாப்பாமார் சுற்றவில்லை. அவர்கள் இங்கே இருக்கவில்லை.

1990 அக்டோபர் 30. ஒலிபெருக்கியில் அறிவித்து யாழ்ப்பாண முஸ்லிம்களை ஜின்னா மைதானத்துக்கு வரச் சொன்ன விடுதலைப் புலிகள், இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறும்படி உத்தரவிட்டார்கள். அந்த மாதத்தில் வட மாகாணம் முழுவதிலும் இருந்து வெளியேற்றப்பட்டவர்கள் சுமார் 75,000 பேர். உடுத்த உடுப்பும் கையில் சொற்பக் காசும். நகையையே விடாதவர்கள் றேடியோவை விடுவார்களா? அது வீட்டில், அலுமாரியின் மேல், பூப்போட்ட துணி மூடியபடி நின்றது. 2002இல் பாதை திறந்து பார்க்கப் போனவர்கள் கண்டது கூரையும் கதவும் யன்னலும் இல்லாத சுவர்களை.

ஆகவே ஒரே காலத்தில் இரண்டு றேடியோக் கதைகள் நடந்தன. யாழ்ப்பாணத்தில் சைக்கிள் சுற்றியது. புத்தளத்திலும் கல்பிட்டியிலும் கிடுகுக் கொட்டிலில், கடையில் பற்றரி கிடைத்தது, வாங்கத்தான் காசு இல்லை. யாராவது ஒருவரிடம் இருந்த சின்ன டிரான்சிஸ்டரைச் சுற்றி நாலைந்து குடும்பம் இருக்கும். அதே ஒன்பதே கால், அதே தமிழோசை. ஐந்து சந்திப் பக்கம் குண்டு விழுந்ததா, ஊருக்குத் திரும்பலாமா என்று இவர்கள் அங்கிருந்து கேட்டார்கள். குண்டு அடுத்து எங்கே விழும் என்று அவர்கள் இங்கிருந்து கேட்டார்கள். நமது இரண்டு சமூகங்களும் ஒரே அறையில் இருந்து அந்த வருடங்களைப் பற்றிப் பேசுவது இன்றைக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த றேடியோக் கதையை எடுத்தால் இரண்டு பக்கமும் வாய் திறக்கிறார்கள். நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

இனி திருத்துகிற தம்பிமாருக்கு. உங்களுக்குத் தெரிந்ததாக இருக்கலாம், இருந்தாலும் உயிர் விஷயம் என்பதால் சொல்கிறேன். ஐம்பது அறுபது வருடம் தூங்கிய வால்வு செட்டை 230 வோல்ட்டில் நேரே செருகாதீர்கள். பெரிய கொண்டென்சர்கள் காய்ந்து போயிருக்கும். 60 வாட் இழை பல்பு ஒன்றைத் தொடராகப் போட்டுக் கொடுங்கள். பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே சோர்ட், உடனே நிறுத்துங்கள். வால்வின் பெயர் யூசிஎச் 42, யூஎல் 41 என்று "யூ"வில் தொடங்கினால் பெரும்பாலும் அந்தச் செட்டில் மெயின்ஸைப் பிரிக்கும் டிரான்ஸ்போமர் இல்லை. உள்ளே இருக்கும் இரும்புச் சட்டமே உயிர்க்கம்பியாக இருக்கக்கூடும், தொட்டால் ஆள் இல்லை. வெளியீட்டு வால்வுக்குப் போகும் கடதாசிக் கொண்டென்சரைக் கட்டாயம் மாற்றுங்கள். அது கசிந்தால் இனிக் கிடைக்காத வால்வு எரியும். கசெட் செட் என்றால் பெல்ட் உருகித் தாராகி ஒட்டியிருக்கும், ஸ்பிரிட்டால் பொறுமையாகத் துடைக்க வேண்டும். நமது உப்புக் காற்று வேறு. சட்டம் துருப்பிடித்திருக்கும், ஸ்பீக்கர் கடதாசியில் குளவி கூடு கட்டியிருக்கும்.

இதெல்லாம் மாற்ற வேண்டியவை. மாற்றுங்கள். பாடாத றேடியோ வெறும் பெட்டிதான், அதைப் பாட வைப்பதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. ஆனால் டைனமோவுக்குப் போட்ட ஓட்டையும், உள்ளே அவசரத்தில் ஒட்டிய நாலு டயோட்டும் பழுது அல்ல. அவற்றை அப்படியே விடுங்கள். வேண்டுமென்றால் வயரைக் கழற்றி ஒரு உறையில் போட்டு உள்ளேயே வையுங்கள். குருண்டிக் செட் உலகத்தில் எத்தனையோ இருக்கும், ஜேர்மனியில் அழகாகத் திருத்தியும் வைத்திருப்பார்கள். முதுகில் இந்த ஓட்டை உள்ள செட் அவர்களிடம் இல்லை.

இன்னொரு விஷயம். பின்மூடியைக் கழற்றினால் மரக் கூட்டின் உட்பக்கத்திலோ சட்டத்திலோ பென்சிலால் எழுதியிருக்கும். திருத்தியவர் போட்ட திகதி, சில நேரம் செட்டின் சொந்தக்காரர் பெயர், தெரு. கடையில் பத்துச் செட் கிடக்கும்போது மாறாமல் இருக்க அப்படி எழுதுவது வழக்கம். தின்னரால் துடைக்க முதல் அதைப் படம் எடுங்கள். கைமாறிக் கைமாறி வந்த ஒரு செட்டுக்குள்ளே சோனகதெருப் பெயர் ஒன்று இருக்கவும் கூடும். இருந்தால் எனக்கு உள்பெட்டியில் அனுப்புங்கள். யாரும் செட்டைத் திருப்பிக் கேட்க வரமாட்டார்கள், அதற்கு நான் பொறுப்பு. அந்தப் பெயருக்குரிய குடும்பம் புத்தளத்தில் இருந்தால், படத்தை மட்டும் அவர்களுக்குக் காட்ட வேண்டும்.