பூனைக்கென்று ஒரு மருத்துவம்

19ஆம் நூற்றாண்டின் லண்டனில் பூனைத் தீனி விற்பதற்கென்றே தெருவியாபாரிகள் இருந்தார்கள். உழைத்து ஓய்ந்த குதிரைகளின் இறைச்சியை வேகவைத்து, துண்டு போட்டு, குச்சியில் கோத்துக் கூடையிலோ தள்ளுவண்டியிலோ கொண்டுவருவார்கள். லண்டன் உழைப்பாளிகளின் பாடுகளைத் தெருத்தெருவாக விசாரித்து எழுதிய ஹென்றி மேஹ்யூ இவர்களையும் விட்டுவைக்கவில்லை. எலி பிடிக்க வந்த பிராணிக்கு ஏழை வீடுகளும் காசு கொடுத்துத் தீனி வாங்கின என்பதற்கு அவர் எழுத்தே சாட்சி. இறைச்சிதான் பூனையின் உணவு என்பது அந்த வியாபாரிகளுக்குத் தெரிந்திருந்தது. இந்த எளிய விஷயம் பின்னால் தவறிப்போனதற்குப் பூனைகள் கொடுத்த விலை பெரிது.

1871 ஜூலையில் ஓவியர் ஹாரிசன் வெயர் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் ஒரு பூனைக் கண்காட்சி நடத்தினார். பூனையைக் காசு கொடுத்துப் பார்க்கக் கூட்டம் வந்தது. மருத்துவம் மட்டும் கூடவே வரவில்லை. கால்நடை மருத்துவம் குதிரையையும் மாட்டையும் சுற்றியே இருந்தது. 1917இல் மரியா டிக்கின் என்ற பெண்மணி, லண்டன் ஒயிட்சாப்பலில் ஒரு நிலவறையில், ஏழைகளின் பிராணிகளுக்கு இலவச மருத்துவமனை திறந்த பிறகுதான் பணமில்லாதவர்களின் பூனைக்கும் ஒரு வாசல் கிடைத்தது. அப்போதும் பூனையைச் சின்ன நாயாகப் பாவித்து வைத்தியம் பார்த்தவர்கள் ஏராளம். அதைப் பொறுக்க முடியாமல் 1958இல் ஜோன் ஜட், பூனை நோய்களுக்கென்றே பிரிட்டனில் ஓர் ஆலோசனை அமைப்பைத் தொடங்கினார். சர்வதேச பூனை நல அமைப்பாக அது இன்றும் நடக்கிறது.

குட்டிப் பருவம்தான் அதிகம் காவு வாங்கியது. பான்லூகோபீனியா என்ற வைரஸ் நோய் ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளை மொத்தமாக வாரிக்கொண்டு போகும். தடுப்பூசி பரவலான பிறகே அந்தப் பயம் குறைந்தது. பிறந்த குட்டியின் எடை சுமார் 100 கிராம். கண் திறக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ள அதற்கு முடியாது. தாய் நக்கிவிடாமல் சிறுநீரும் கழிக்காது. அதனால் தாயில்லாக் குட்டி கைக்கு வந்தால் பாலை எடுப்பதற்கு முன் கதகதப்பு தர வேண்டும். குளிர்ந்த வயிற்றில் போகும் பால் செரிக்காது. பசும்பாலோ வயிற்றுப்போக்கில் கொண்டுபோய்விடும். நம் வீடுகளில் பரிவோடு ஊற்றப்பட்ட பசும்பாலே எத்தனையோ குட்டிகளின் உயிரைக் குடித்திருக்கிறது.

குட்டியின் மனசும் ஆராய்ச்சிக்கு வந்தது. பிலடெல்பியாவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் எய்லீன் கார்ஷ், சில குட்டிகளை மூன்றாவது வாரத்திலிருந்தும், சிலவற்றை ஏழாவது வாரத்திலிருந்தும் தினமும் மடியில் வைத்துக் கொஞ்ச ஏற்பாடு செய்தார். சிலவற்றைப் பதினான்காவது வாரம் வரை யாரும் தொடவில்லை. மூன்றாவது வாரத்திலேயே மனிதக் கை பட்டவைதான் பிறகு ஆளைத் தேடி விரைந்து வந்தன, மடியிலும் நெடுநேரம் இருந்தன. இரண்டாவது வாரம் முதல் ஏழாவது வாரம் வரையே மனிதரோடு பழகுவதற்கான முக்கியமான காலம் என்று 1980களில் வெளியான அவருடைய ஆய்வுகள் காட்டின. மூன்று மாதக் குட்டியைத் தெருவிலிருந்து கொண்டுவந்து, சீறுகிறதே என்று திட்டுவது நியாயமே இல்லை. அதற்குக் கிடைக்க வேண்டிய வாரங்கள் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

வளர்ந்த பூனையை நாள் முழுக்க வீட்டுக்குள் வைத்திருக்க வழி செய்தவர் அமெரிக்காவின் மிச்சிகனைச் சேர்ந்த எட் லோவ். மணல் உறைந்துபோய், பூனையின் பெட்டிக்குச் சாம்பலைப் போட்டு அவதிப்பட்ட அக்கம்பக்கத்துப் பெண்ணுக்கு, 1947 குளிர்காலத்தில் ஈரம் உறிஞ்சும் களிமண் குறுணையைக் கொடுத்தார். அதுவே பெரிய வியாபாரமானது.

வீட்டுக்குள் வந்த பூனை வேட்டையை விட்டு டப்பா உணவை நம்பியது. சிக்கல் அங்கேதான். டாரின் என்ற சத்தைப் பூனையின் உடல் போதிய அளவு தானாகத் தயாரிப்பதில்லை. இறைச்சி, மீன் வழியாகத்தான் அதைப் பெற வேண்டும். அது இல்லாத தீனியைத் தின்ற பூனைகளுக்கு விழித்திரை கெட்டுப்போவதை 1975இல் கண்டார்கள். 1987இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பால் பியான், வீங்கித் தளர்ந்த இதயத்தோடு வந்த பூனைகளின் ரத்தத்தில் டாரின் குறைந்திருப்பதைப் பார்த்தார். அதைக் கொடுத்ததும் இதயங்கள் தேறின. தின்ற தீனியோ கடையில் வாங்கியதுதான். நிறுவனங்கள் டாரின் அளவைக் கூட்டின. அந்த இதயநோய் அரிதாகிவிட்டது. தயிர்சாதம் மட்டுமே போட்டு வீட்டுக்குள் அடைத்து வளர்ப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். வெளியே போய் எலியும் பல்லியும் பிடிக்கும் பூனை தன் பங்கைத் தானே தேடிக்கொள்ளும், அடைபட்ட பூனைக்கு அந்த வழி இல்லை.

முதுமையைத்தான் எல்லோரும் கடைசியில் கண்டுகொண்டார்கள். நன்றாகச் சாப்பிட்டும் இளைத்துக்கொண்டே போகும் கிழட்டுப் பூனைகளில் தைராய்டு சுரப்பி மிகையாக வேலை செய்வதை 1979இல்தான் நியூயார்க் மருத்துவர்கள் பதிவுசெய்தார்கள். அதற்கு முன்பு அது வயசுக் கோளாறு என்று விடப்பட்டது. இன்று மாத்திரையும் கதிரியக்க அயோடின் சிகிச்சையும் இருக்கின்றன. 2021இல் வெளியான அமெரிக்க மருத்துவர்களின் வழிகாட்டுதல் ஒரு வயது வரை குட்டி, ஆறு வரை இளமை, பத்து வரை முதிர்ச்சி, அதற்கு மேல் முதுமை என்று பூனையின் ஆயுளைப் பிரித்து, முதுமையில் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது மருத்துவரிடம் காட்டச் சொல்கிறது.