துணிமலரும் கொல்லாமையும்

அருகப் பெருமானுக்கு நிகழ்த்தும் அருச்சனையில் நீர், சந்தனம், அட்சதை, மலர், நைவேத்தியம், தீபம், தூபம், கனி என எட்டுப் பொருள்கள் இடம்பெறுகின்றன. அவற்றுள் நான்காவது மலர். சமவசரணத்தில் வீற்றிருக்கும் பெருமானின் எண்வகைச் சிறப்புகளுள்ளும் பூமாரி ஒன்றாக எண்ணப்படுகிறது. தமிழகச் சமணர் கோயில்களில் புதுமலர் சார்த்தி வணங்கும் மரபு இன்றும் தொடர்கிறது. வடநாட்டில் 17ஆம் நூற்றாண்டில் வலுப்பெற்ற திகம்பரத் தேராபந்த மரபினரோ, மலரும் உயிர்ப்பொருளே எனக் கருதி, குங்குமப்பூச் சாயம் ஏற்றிய அரிசியையே மலராகப் படைக்கலாயினர். இரு மரபினரும் வணங்குவது ஒரே பெருமானைத்தான். ஒரு பூவைக் கையில் எடுக்கும்போதும் அதன் உயிரை எண்ணிப் பார்க்கும் நுண்ணுணர்வும் இரு மரபினருக்கும் பொதுவானதே.

இன்று பல இல்லங்களில் பெண்களும் பிள்ளைகளும் துணியை வெட்டி, மடித்து, கம்பியில் கோத்து அழகிய பூக்களைச் செய்கின்றனர். வாயில் தோரணத்திற்கும், விழா மேடைக்கும், மணமகள் கூந்தலுக்கும் அவை அணியாகின்றன. செடியிலிருந்து பறிக்கப்படாத பூ என்பதால், இது எவ்வுயிர்க்கும் தீங்கு செய்யாத பூ என்ற எண்ணம் இயல்பாகவே எழும். அந்த எண்ணம் எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதைத் துணிமலரின் வரலாறே காட்டுகிறது.

உயிர்களை அவற்றின் அறிவுக்கேற்ப வகுத்துக் காண்பது சமணநெறி. தொல்காப்பிய மரபியலும் புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிராகவும், மக்களை ஆறறிவுயிராகவும் வரிசைப்படுத்துகிறது. துணிமலரின் வரலாற்றை இந்த வரிசையில் வைத்துக் காண்பது பொருத்தமாகும்.

பட்டும் பசையும்

சீனத்திலும் ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் பழங்காலத்துத் துணிமலர்களில் சிறந்தவை பட்டினால் ஆனவை. ஜப்பானில் எடோ காலத்தில் (1603–1868) வளர்ந்த ‘சுமாமி’ என்னும் கலையில், சிறு சதுரப் பட்டுத் துண்டுகளை இடுக்கியால் மடித்து, அரிசிப் பசையில் ஒட்டி, இதழ் இதழாக அடுக்கிக் கூந்தலணி செய்தனர். இன்றும் அக்கலை அங்கு வாழ்கிறது.

பிரான்சில் 19ஆம் நூற்றாண்டில் இது பெருந்தொழிலாயிற்று. மஸ்லின், சாட்டின், வெல்வெட் ஆகிய துணிகளுக்கு முதலில் விறைப்பு ஏற்றுவர். பின்னர்ப் பல மடிப்புகளாக அடுக்கி, இதழ் வடிவில் அமைந்த இரும்பு அச்சை வைத்துச் சுத்தியால் அடித்து வெட்டுவர். சாயம் தோய்த்தபின், சூடேற்றிய உருண்டை முனைக் கருவியால் அழுத்தி இதழைக் குழிவாக்குவர். இலையின் நரம்புகளை அச்சில் அழுத்திப் பதிப்பர். இறுதியில் மகரந்தத் தாள்களைச் சுற்றி இதழ்களை ஒட்டிக் கம்பியில் கட்டுவர். இன்று வீட்டில் செய்யும் பூவும் ஏறத்தாழ இதே வழியில்தான் உருவாகிறது.

ஆனால் பட்டின் பிறப்பைச் சமண இல்லங்கள் மறக்க இயலாது. இழை அறுபடாமல் கிடைக்க வேண்டும் என்பதற்காகக் கூட்டினுள் உறங்கும் புழு, அந்துப்பூச்சியாய் வெளிவருமுன் வெப்பத்தால் கொல்லப்படுகிறது. துணிக்கு விறைப்பு ஏற்றக் கஞ்சியோடு ஜெலட்டினும் பயன்பட்டது. அது விலங்குகளின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது. ஓரறிவுடைய செடியின் பூவைப் பறிக்கத் தயங்கிய கை, அதனினும் மேலான அறிவுடைய உயிர்களின் இறப்பால் கிடைத்த பூவைத் தயங்காமல் ஏந்தும் நிலை இவ்வாறு உண்டாயிற்று.

பூவோடு சேர்ந்த இறகு

மேலைநாட்டு மகளிர் தொப்பிகளில் துணிப்பூவும் பறவையின் இறகும் சேர்ந்தே இடம்பெற்றன. இவ்விரு தொழில்களும் பெரும்பாலும் ஒருசேரவே நடந்தன. வெண்கொக்கின் மெல்லிய அணியிறகு இனப்பெருக்கக் காலத்தில்தான் தோன்றும். ஆகவே கூட்டில் குஞ்சுகள் இருக்கும்போதே தாய்ப்பறவையைச் சுட்டனர். குஞ்சுகள் இரையின்றி மடிந்தன.

இதை எதிர்த்து 1889இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் அருகே எமிலி வில்லியம்சன் என்னும் பெண்மணி ஓர் அமைப்பைத் தொடங்கினார். அதில் சேர்ந்த மகளிர், அலங்காரத்திற்காகப் பறவையிறகு அணிவதில்லை என உறுதி பூண்டனர். 1902இல் இந்திய அரசு காட்டுப்பறவைகளின் இறகு ஏற்றுமதியைத் தடை செய்தது. 1921இல் பிரிட்டன் இறகு இறக்குமதியைத் தடுக்கும் சட்டத்தை இயற்றியது. வாங்குவோர் மனம் மாறியதே இந்த மாற்றத்திற்கு முதற்படியாக அமைந்தது.

பூச்செய்த கைகள்

துணிமலர்த் தொழில் ஆறறிவுடைய மனிதரையும் விட்டுவைக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில் செயற்கை இலைகளுக்குப் பளிச்சென்ற பச்சை நிறம் தந்தது, செம்பும் ஆர்சனிக்கும் கலந்த நச்சுச் சாயம். அந்தப் பச்சைப் பொடியை இலைகளின்மேல் தூவும் வேலையைச் செய்த மட்டில்டா ஷூரர் என்னும் 19 வயதுப் பெண் 1861 நவம்பரில் லண்டனில் அந்நஞ்சினால் இறந்தாள். அதன்பின் வேதியியலறிஞர் ஹாஃப்மன் அத்தகைய தலையணிகளை ஆராய்ந்து, ஒரு தலையணியில் இருபது பேரைக் கொல்லப் போதுமான ஆர்சனிக் இருப்பதாக 1862இல் செய்தித்தாள் வாயிலாக எச்சரித்தார். விருந்தில் அதை அணிந்து மகிழ்ந்தவருக்கு, அதைச் செய்தவளின் துன்பம் அதுவரை தெரியவில்லை.

அடுத்த அரை நூற்றாண்டில் நியூயார்க் நகரின் நெருக்கமான குடியிருப்புகளில் இத்தொழில் வீட்டு வேலையாகப் பரவியது. இத்தாலியிலிருந்து குடியேறிய ஏழைக் குடும்பங்கள் வெட்டிய இதழ்களைப் பட்டறையிலிருந்து வீட்டிற்கு எடுத்துவந்தன. தாயும் பாட்டியும் பிள்ளைகளும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து, இதழ் பிரித்து, பசை தடவி, காம்பில் கோத்தனர். 144 பூக்கள் கொண்ட ‘குரோசு’ கணக்கில் சில செண்டுகளே கூலி. பள்ளி செல்லும் வயதை எட்டாத குழந்தைகளும் இதழ் பிரித்தனர். லூயிஸ் ஹைன் எடுத்த ஒளிப்படங்களும், 1913இல் மேரி வான் கிளீக் வெளியிட்ட ஆய்வு நூலும் இந்நிலையை உலகறியச் செய்தன. ‘வீட்டில் செய்தது’ என்ற சொல் கேட்க இனிது. ஆயினும், அந்த வீட்டில் உறக்கமின்றி விழித்திருந்த சிறு கண்களையும் அச்சொல் மறைத்துவிடக்கூடும்.

அருள் மலர்ந்த பூக்கள்

இதே துணிமலர் அருளின் கருவியாக விளங்கியதும் உண்டு. லண்டன் தெருக்களில் பூவும் கீரையும் விற்று அலைந்த ஏழைச் சிறுமியரைக் காக்க ஜான் குரூம் என்பவர் 1866இல் ஓர் அறப்பணியைத் தொடங்கினார். உடற்குறையுள்ள பெண்களுக்கு அங்குத் துணிப்பூ செய்யும் தொழில் கற்பிக்கப்பட்டது. 1912இல் அரசி அலெக்சாண்டிராவின் பெயரால் நடந்த ரோஜா நாளுக்கு அவர்கள் செய்த ரோஜாக்களே விற்கப்பட்டன. திரண்ட பொருள் மருத்துவமனைகளுக்குச் சென்றது.

முதல் உலகப்போருக்குப்பின் பிரான்சின் அன்னா கெரென் அம்மையார், போரினால் ஆதரவிழந்த மகளிரும் பிள்ளைகளும் பயன்பெறத் துணியால் பாப்பிப் பூக்களைச் செய்வித்து விற்றார். 1921இல் பிரிட்டனில் 90 இலட்சம் பூக்கள் விற்றுத் தீர்ந்தன. மறு ஆண்டு லண்டனில், போரில் ஊனமுற்ற ஐந்து வீரர்களுடன் பாப்பிப் பூத் தொழிற்கூடம் ஒன்று தொடங்கியது. முன்பு பிழைப்பைச் சுரண்டிய அதே வேலை, இங்கே மானத்தோடு வாழ வழி தந்தது. இரு நிலைகளிலும் துணியும் கம்பியும் பசையும் ஒன்றே. செய்வித்தவர் நோக்கமும், செய்தவருக்குக் கிடைத்த பயனுமே வேறுபட்டன.

கொல்லாமையின் அளவுகோல்

தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்ததற்கு உடன்படுதல் ஆகிய மூன்றினாலும் வினை வந்து சேரும் என்பது சமண அறத்தின் துணிபு. துணிமலரையும் இம்மூன்றால் அளந்து பார்க்கலாம். பூ உயிரற்றதா என்ற ஒரு கேள்வியோடு அந்த அளவை நிற்பதில்லை. அதன் இழை எங்கிருந்து வந்தது, சாயம் யார் உடலைத் தொட்டது, குறைந்த விலைக்குக் கிடைக்கும் பூச்சரத்தை எந்தக் கைகள் எவ்வளவு கூலிக்குக் கோத்தன என்ற கேள்விகளும் அதனுள் அடங்கும்.

இக்கேள்விகளுக்கு ஓர் எளிய இல்லத்தாலும் விடை காண முடியும். தைத்து எஞ்சிய பருத்தித் துண்டுகள், சோற்றுக் கஞ்சியின் விறைப்பு, மஞ்சளும் செம்பருத்தியும் தரும் நிறம் ஆகியவை எல்லா வீட்டிலும் கிடைப்பனவே. பாட்டி வெட்டிக் கொடுக்க, பேரப்பிள்ளைகள் விளையாட்டாய் மடித்துக் கட்டும் பருத்திப் பூ, கடையில் வாங்கும் பட்டுப் பூவின் பளபளப்பைப் பெறாமல் போகலாம். ஆனால் அதன் இழை எது, பசை எது, அதைச் செய்த கை எது என்பதை அந்த வீடு அறியும். அறிந்து செய்த அந்தப் பூவைத் தோரணத்தில் கட்டும்போது தயங்க வேண்டிய காரணம் ஒன்றும் இராது.